பார்டர் பக்கம் கத்தோலிக்க எல்.பி. (லோயர் பிரைமரி) ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்கறவங்களுக்கு: என்ன படிக்கும், கிளாஸ்ல என்ன எதிர்பார்ப்பாங்க, வீட்டுல நாம என்ன பண்ணோணும் (முழுமையான வழிகாட்டி)

கேரளாவுல பாலக்காடு ஜில்லா, தமிழ்நாட்டு பார்டர் ஓரமா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, ஒழலப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு இந்தப் பக்கம் இருக்கற தமிழ்க் குடும்பங்கள் ஏப்ரல் மே ஆனா கேக்கற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், கான்வென்ட்டுல போடலாமா, அங்க மதம் மாத்திருவாங்களா, ரொம்ப கண்டிப்பா இருப்பாங்களா, ஃபீஸ் எவ்வளவு. கத்தோலிக்கக் குடும்பமா இருந்தா கேள்வி வேற மாதிரி வரும், நம்ம சிஸ்டருங்க ஸ்கூல்தானே, ஜெபம், புதுநன்மை (முதல் தடவை நற்கருணை வாங்கறது) எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்கல்லன்னு. நான் ஞாயித்துக்கிழமை வேதபாடம் எடுக்கறவ, சின்ன கிளாஸ் பிள்ளைகளோட அம்மாமார் அப்பாமார்கிட்ட வருஷா வருஷம் பேசறவ, அதுல எனக்கு உறுதியா தெரிஞ்ச ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். நம்ம பிள்ளைக்கு அங்க கஷ்டமா இருக்கறது மதமும் இல்ல, கண்டிப்பும் இல்ல, பாஷைதான். மதத்துக்கு வழி இருக்கு, கண்டிப்புக்கு பிள்ளைங்க ஒரு மாசத்துல பழகிடும், ஆனா வீட்டுல தமிழ், கிளாஸ்ல மலையாளம், புக்குல இங்கிலீஷ்னு மூணுக்கும் நடுவுல நிக்கற அஞ்சு ஆறு வயசுப் பிள்ளைக்கு யாரும் தயார் பண்ணிக் குடுக்கறதில்ல. அதனால இதுல பாஷைக்குத்தான் அதிக இடம் குடுத்திருக்கேன்.

படி 1: அது எந்த மாதிரி ஸ்கூல்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

கேட்ல மாதா சிலை இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கறோம், அப்படி இல்லீங்க. ஒண்ணு எய்டட். நடத்தறது மறைமாவட்டமோ (ஒரு பிஷப்புக்கு கீழ வர்ற பகுதி) சிஸ்டர்கள் சபையோ, டீச்சருக்கு சம்பளம் குடுக்கறது கேரள சர்க்கார். இங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது, புக்கு ஃப்ரீ, மத்தியானச் சாப்பாடு உண்டு, பாடம் எஸ்.சி.இ.ஆர்.டி.ங்கற கேரள சர்க்கார் அமைப்பு போடற ஸ்டேட் சிலபஸ். இன்னொண்ணு அன் எய்டட், அதாவது முழுக்க ஃபீஸ்ல ஓடறது, சி.பி.எஸ்.இ.யோ ஐ.சி.எஸ்.இ.யோ ஸ்டேட் சிலபஸ் இங்கிலீஷ் மீடியமோ இருக்கும், யூனிஃபார்ம், புக்கு, வேன் எல்லாம் காசுதான். நிறைய பேர் வந்து இவங்ககிட்ட 25 சதவீத ஃப்ரீ சீட் இருக்கான்னு கேக்கறாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அந்த 25 சதவீதம் இருக்கறது நிஜம், ஆனா சிறுபான்மை ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு, அதனால அதை நம்பிப் போக வேண்டாம். ஃபீஸ் கட்ட முடியாத நிலைமைன்னா நேரா எச்.எம். சிஸ்டர்கிட்டயோ பங்குச் சாமியார்கிட்டயோ மனசு விட்டு சொல்லுங்க, குறைச்சுக்குடுக்கற வழக்கம் பல இடத்துல இருக்கு, ஆனா அது அவங்க உதவி, உரிமைன்னு சண்டை போடற விஷயம் இல்ல.

இன்னொரு வித்தியாசம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கே சரியா தெரியறதில்ல. நம்ம பக்கம் தமிழ் கத்தோலிக்கர் பெரும்பாலும் லத்தீன் ரீத்து (ரீத்துன்னா வழிபாட்டு முறை), முன்னாடி கோயமுத்தூர் மறைமாவட்டத்துல இருந்தோம், 2013 டிசம்பர்ல சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தனியா வந்துச்சு. அதே ஊர்லயே சீரோ மலபார்ங்கற இன்னொரு கத்தோலிக்க ரீத்தோட ஸ்கூலும் இருக்கும், அது 1974ல வந்த பாலக்காடு ரூபதை, அதாவது மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. நம்பிக்கை ஒண்ணுதான், போப் ஒருத்தர்தான், ஆனா அங்க பூசைய குர்பானான்னு சொல்வாங்க, சடங்கும் பாட்டும் வேற. அவங்களுக்கு ஞானஸ்நானத்தோடயே உறுதிபூசுதலும் (விசுவாசத்துல உறுதிப்படுத்தற சடங்கு) குடுத்திருவாங்க, நமக்கு அது பிள்ளை வளர்ந்தப்புறம் பிஷப் வந்து குடுக்கறது. இது தெரியாம உங்க பிள்ளை வீட்டுக்கு வந்து என் ஃப்ரெண்டு எல்லாம் வாங்கிட்டான் நான் மட்டும் வாங்கலன்னு அழுதா என்ன சொல்றதுன்னு தெரியாம நிப்பீங்க.

படி 2: பேப்பர்

இது சீக்கிரம் முடியற விஷயம். பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி கார்டு, ஃபோட்டோ, கத்தோலிக்கரா இருந்தா பங்குல இருந்து ஞானஸ்நான சர்டிஃபிகேட். தமிழ்நாட்டு ஸ்கூல்ல யு.கே.ஜி. இல்ல 1ஆம் கிளாஸ் படிச்சுட்டு வர்ற பிள்ளைன்னா டி.சி. கண்டிப்பா வாங்கிக்கோங்க. பேர் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, இனிஷியல் முன்னாடி ஒண்ணுல பின்னாடி ஒண்ணுல இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க, 10ஆம் கிளாஸ் வந்தப்புறம் அலையறது ரொம்ப கஷ்டம். வயசு கணக்கு கேரளாவுல ரொம்ப காலமா 5 முடிஞ்சா 1ஆம் கிளாஸ்னு நடந்துச்சு, 2020 தேசியக் கல்விக் கொள்கை 6னு சொல்லுது, அதனால நீங்க சேர்க்கற வருஷத்துக்கு எதுன்னு ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. சென்ட்ரல் சிறுபான்மை ஸ்காலர்ஷிப் சின்ன கிளாஸுக்கு வரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, 2022ல இருந்து ப்ரீ மெட்ரிக் 9, 10ஆம் கிளாஸுக்கு மட்டும்தான்.

படி 3: பாஷை, இதை ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கோணும்

நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகால தமிழ் மீடியம் ஸ்கூல் இன்னும் இருக்கு, கேரள சர்க்காரே தமிழ்ல பாடப்புத்தகம் போடுது. அரசியல் சட்டத்துல 350ஏ பிரிவு, 1956ல சேர்த்தது, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்கு ஆரம்ப வகுப்புல தாய்மொழியில படிக்க வசதி பண்ணிக் குடுக்கோணும்னு மாநிலத்துக்கு சொல்லுது. உங்க பக்கத்துல இருக்கற கத்தோலிக்க எய்டட் ஸ்கூல்ல தமிழ் டிவிஷன் இருந்தா, கூச்சப்படாம அதுல போடுங்க. தமிழ் மீடியம்னா மதிப்பு கம்மின்னு ஒரு நினைப்பு நம்மாளுங்ககிட்ட இருக்கு, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு. புரிஞ்ச பாஷையில முதல் ரெண்டு வருஷம் படிச்ச பிள்ளை, கணக்கும் வாசிப்பும் பிடிச்சுக்கும், அப்புறம் எந்த பாஷையையும் அது மேல ஏத்திக்கலாம்.

ஆனா நிறைய இடத்துல அந்த வாய்ப்பு இல்ல, இங்கிலீஷ் மீடியமா இருக்கும், டீச்சர் விளக்கறது மலையாளத்துல இருக்கும். 2017ல கேரளா கொண்டு வந்த சட்டப்படி மலையாளம் கட்டாயப் பாடம். அப்போ பிள்ளை என்ன பண்ணும்னா டீச்சர் சொல்றத பாதி புரிஞ்சு பாதி புரியாம பக்கத்துப் பிள்ளைய பாத்து செய்யும். டீச்சர் பிள்ளை ஸ்லோன்னு டைரில எழுதுவாங்க. பிள்ளை ஸ்லோ இல்லீங்க, வார்த்தை தெரியல. தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து பாஷை, தானா வந்துரும்னு விட்டுராதீங்க. பேச்சு தானா வரும், எழுத்து வராது. நம்ம க ஒண்ணு நிக்கற இடத்துல அங்க நாலு எழுத்து நிக்கும், த, ப எல்லாத்துக்கும் அதே கதைதான், நம்ம பிள்ளைக்கு காதுல அந்த வித்தியாசம் விழவே கொஞ்ச நாள் ஆகும், அதனால டிக்டேஷன்ல, அவங்க கேட்டெழுத்துன்னு சொல்றாங்கல்ல அதுல, தொடர்ந்து தப்பு வரும். திட்டாதீங்க, சத்தமா வாசிக்க வைங்க, நீங்களும் கூட உக்காந்து வாசிங்க.

சேர்க்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருந்து செய்ய வேண்டியது இதுதான். கிளாஸ்ல தினமும் காதுல விழற கட்டளைகள மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும் பழக்கிவிடுங்க, உக்காரு, எந்திரி, புக்க எடு, மூடு, எழுது, லைன்ல நில்லு, மெதுவா பேசு, எனக்கு பாத்ரூம் போகோணும், எனக்கு வயிறு வலிக்குது, எனக்கு புரியல. கடைசி மூணும் ரொம்ப முக்கியம். பாத்ரூம் போகோணும்னு சொல்லத் தெரியாம கிளாஸ்லயே ஒண்ணுக்கு போயிட்டு, அப்புறம் ஸ்கூல்னாலே அழற பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். முதல் வாரத்துலயே டீச்சர்கிட்ட போய், வீட்டுல தமிழ்தான் பேசறோம், பிள்ளை புரியலைன்னா சொல்லத் தயங்கும், கொஞ்சம் கவனிச்சுக்கோங்க டீச்சர்னு சொல்லிடுங்க. நல்ல டீச்சர் அதை மறக்க மாட்டாங்க.

கணக்குக்கு ஒரு பாஷைய முடிவு பண்ணுங்க. வாய்ப்பாடு கிளாஸ்ல இங்கிலீஷ்ல சொல்லித் தர்றாங்கன்னா வீட்டுல அப்பச்சி ஈரெண்டு நாலுன்னு வேற மாதிரி சொல்லிக்குடுத்தா பிள்ளை கையில விரல் வெச்சு எண்ணிக்கிட்டு நிக்கும். கணக்கோட அர்த்தத்த தமிழ்ல விளக்குங்க, ஆறு பேருக்கு மூணு மூணு தேங்காய் குடுத்தா எத்தனைன்னு, ஆனா மனப்பாடம் பண்றது கிளாஸ் பாஷையிலயே இருக்கட்டும்.

தமிழ் எழுத வாசிக்க வீட்டுலதான் சொல்லித் தரோணும், ஸ்கூல்ல தமிழ் இல்லேன்னா வேற யாரும் தர மாட்டாங்க. தினம் கால் மணி நேரம் போதும். ஆயா பாட்டி யாராச்சும் வாசிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா அவங்ககிட்ட விடுங்க. ஏன் இவ்வளவு வலியுறுத்தறேன்னு கடைசி படில சொல்றேன்.

அப்புறம் ஜெபம். கத்தோலிக்கப் பிள்ளைக்கும் இதுல குழப்பம் உண்டு. வீட்டுல அம்மிச்சி பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவேன்னு பழைய முறையில சொல்வாங்க, கோயில்ல விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையேன்னு புதுசு, ஸ்கூல் அசெம்பிளில ஸ்வர்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே, இங்கிலீஷ் மீடியம்னா அதுக்கு மேல இங்கிலீஷ்ல ஒண்ணு. அருள் நிறைந்த மரியே வீட்டுல, நன்ம நிறஞ்ஞ மறியமே ஸ்கூல்ல. பிள்ளை எதையும் முழுசா சொல்லாம வாயசைக்கும். முதல்ல வீட்டுல சொல்ற ஜெபத்த தமிழ்ல முழுசா, அர்த்தத்தோட மனசுல பதிய வைங்க. அது என்ன ஜெபம்னு தெரிஞ்சப்புறம் மத்த பாஷையில அதே இடத்துல அதே வேண்டுதல்னு பிள்ளைக்கே பிடிபடும். அசெம்பிளில சொல்ற உறுதிமொழியும் அப்படித்தான், பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962ல தெலுங்குல எழுதினது, இப்போ இந்தியா முழுக்க அந்தந்த பாஷையில சொல்றாங்க, இந்தியா என் தாய்நாடுன்னு தமிழ்ல ஒரு தடவை விளக்கிட்டா மலையாளத்துல சொல்றப்ப அது வெறும் சத்தமா இருக்காது.

படி 4: கிளாஸ் கிளாஸா என்ன படிக்கும்

எல்.பி.ன்னா கேரளாவுல 1ல இருந்து 4 வரைக்கும், 5ல இருந்து 7 யு.பி. ஸ்டேட் சிலபஸ்ல 2024லயும் 2025லயும் புது புக்கு வந்துச்சு, அதனால அக்கா படிச்ச பழைய புக்க எடுத்து வெச்சு தம்பிக்கு சொல்லித் தராதீங்க.

எல்.கே.ஜி., யு.கே.ஜி.ல எழுத்துக்கு அவசரப்பட வேண்டாம். தன் பேர் சொல்ல, பையை எடுத்து வெக்க, டிபன் பாக்ஸ் தானா தொறந்து சாப்பிட, பென்சில் பிடிக்க, கதை கேக்க, பாட்டு பாட, சண்டை போட்ட பிள்ளைகிட்ட சாரி சொல்ல. இதத்தான் சிஸ்டருங்க முதல் வருஷம் பாக்கறாங்க. 1, 2ஆம் கிளாஸ்ல மொழியும் கணக்கும் இங்கிலீஷும்தான் முக்கியம், சுத்துப்புற விஷயம் எல்லாம் பெரும்பாலும் மொழிப் பாடத்துக்குள்ளயே கலந்து வரும், நாலு வரி நோட்டு, கட்டம் போட்ட நோட்டு, காப்பி எழுத்து தினமும் இருக்கும். மலையாள எழுத்த நம்ம காலத்து மாதிரி வரிசையா ஆரம்பிக்காம வார்த்தை, சின்ன கதைன்னு ஆரம்பிக்கறது இங்க வழக்கம், பிள்ளைக்கு எழுத்து வரிசை தெரியலயேன்னு பயப்படாதீங்க, வீட்டுல ஒரு சார்ட் ஒட்டி வெச்சா போதும். 3, 4ல சூழல் பாடம் தனியா வரும், ப்ராஜெக்ட், செடி வளர்த்து கவனிச்சு எழுதறது, ஊர்ப் பெரியவங்கள பேட்டி எடுக்கறதுன்னு குடுப்பாங்க, அதை நீங்களே செஞ்சு குடுத்து அனுப்பாதீங்க, டீச்சருக்கு பாத்தவுடனே தெரியும். 4ல சர்க்கார் நடத்தற ஸ்காலர்ஷிப் எக்ஸாம் இருக்கு, எல்.எஸ்.எஸ்.னு சொல்லிட்டிருந்தது, நல்லா படிக்கற பிள்ளைன்னா 3லயே டீச்சர்கிட்ட பேசி வெச்சுக்கோங்க. ஓணம் பரிட்சை, கிறிஸ்மஸ் பரிட்சை, மார்ச்ல ஆண்டுப் பரிட்சைன்னு வருஷம் ஓடும். பொங்கலுக்கு தமிழ்நாட்டுல மாதிரி நீளமா லீவ் இருக்காது, ஓணத்துக்கு இருக்கும், சொந்தக்காரங்க வீட்டுக்கு போறத அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கோங்க.

பாட்டு, ட்ராயிங், பேச்சு, நடனம் இதுக்கெல்லாம் கத்தோலிக்க ஸ்கூல்ல குடுக்கற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலோத்சவம், அதாவது ஸ்கூல் கலைப் போட்டி, அதுல சப் ஜில்லா லெவல்ல தமிழ்ப் பிள்ளைகளுக்கு தமிழ்லயும் கவிதை, பேச்சு மாதிரி ஐட்டம் இருக்கான்னு டீச்சர்கிட்ட கேளுங்க, இருந்தா பேர் குடுக்க வைங்க. கிளாஸ்ல வாய் தொறக்காத பிள்ளை தன் பாஷையில மேடை ஏறினா அதுக்கப்புறம் நடை வேற மாதிரி இருக்கும்.

படி 5: மதபாடம், கத்தோலிக்கப் பிள்ளைக்கு

1ல சிலுவை அடையாளம், கடவுள் உலகத்தப் படைச்சது, சின்ன ஜெபங்கள். 2ல இயேசு சொன்ன கதைகள், காணாம போன ஆடு, நல்ல சமாரியன். 3, 4ல பத்துக்கட்டளை, திருவருட்சாதனங்கள், பாவசங்கீர்த்தனம், மனஸ்தாப ஜெபம், திருவழிபாட்டு ஆண்டு. இது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். வருஷம் ஓடறப்பவே நிறைய தெரிஞ்சுக்கும், திருவருகைக்காலத்துலயும் தவக்காலத்துலயும் ஊதா, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்துல வெள்ளை, மத்த நாள்ல பச்சை, வேதசாட்சி திருநாளுக்கு சிவப்புன்னு. அக்டோபர்ல ஜெபமாலை, தவக்கால வெள்ளிக்கிழமைல 14 நிலை சிலுவைப்பாதை.

புனிதர் கதைகள்தான் பிள்ளைங்க மனசுல ரொம்ப நாள் நிக்கும். ஜூலை 28 அல்போன்சம்மா திருநாள், 2008ல புனிதர் ஆனவங்க, படுத்த படுக்கையா இருந்தும் யார்மேலயும் கோவப்படாதவங்க. செப்டம்பர் 5 ஆசிரியர் தினமும் அன்னை தெரேசா திருநாளும் ஒரே நாள்ல வரும். பிப்ரவரி 4 ஓரியூர்ல உயிர் குடுத்த அருளானந்தர். கன்னியாகுமரி பக்கம் நட்டாலத்துல பொறந்த தேவசகாயம் பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, 1752ல ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலைல சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15ஆம் தேதி புனிதர் பட்டம் குடுத்தாங்க, இந்தியாவுல அந்தப் பட்டம் வாங்கின முதல் பொதுநிலையினர், சாமியாரோ சிஸ்டரோ இல்ல, குடும்பஸ்தர், நம்ம தமிழ் மலையாள எல்லைல வாழ்ந்தவர். நம்ம பிள்ளைக்கு இந்தக் கதைய கட்டாயம் சொல்லுங்க, ஸ்கூல்ல சொல்லலேன்னா வீட்டுல சொல்லுங்க.

இப்போ முக்கியமான விஷயம். புதுநன்மைக்கு தயார் பண்றது ஸ்கூலோட பொறுப்புன்னு விட்டுராதீங்க. பத்தாம் பத்திநாதர் 1910ல விவரம் தெரிஞ்ச வயசு, சுமார் 7 வயசுல இருந்தே பிள்ளைங்க நற்கருணை வாங்கலாம்னு வழி விட்டார், அதைத் தயார் பண்ற கடமை முதல்ல பெத்தவங்களுக்கு, அப்புறம் பங்குச் சாமியாருக்குன்னு திருச்சபைச் சட்டம் 914 சொல்லுது. ஸ்கூல் வேதபாடம் ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பங்குல வேதபாடத்துக்கு வராம, நாங்க கான்வென்ட்லயே படிக்கறோம்னு கடைசி மாசம் வந்து நிக்கறவங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க, பிள்ளைதான் பாவம் அந்தச் சங்கடத்துல மாட்டிக்குது. எந்தப் பங்குல புதுநன்மை, எந்த பாஷை பூசையில, எந்த ரீத்துலன்னு 3ஆம் கிளாஸ் ஆரம்பத்துலயே பங்குச் சாமியார்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கோங்க.

படி 6: மத்த மதத்துப் பிள்ளைக்கு

பல கத்தோலிக்க ஸ்கூல்ல பாதிக்கு மேல இந்து முஸ்லிம் பிள்ளைங்கதான். வேதபாட நேரத்துல இவங்களுக்கு நன்னெறி வகுப்பு தனியா நடக்கும், உண்மை பேசறது, பொருள பத்திரமா வெச்சுக்கறது, மத்தவங்கள மதிக்கறது, தண்ணி வீணாக்காம இருக்கறது, இப்படி. அசெம்பிளில பொதுவான ஜெபம் இருக்கும், பிள்ளை மரியாதையா நிக்கோணும், சிலுவை போடோணும்னு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சட்டம் 28(3) தெளிவா சொல்லுது, அரசாங்கம் அங்கீகரிச்ச ஸ்கூல்லயோ அரசாங்க உதவி வாங்கற ஸ்கூல்லயோ பெத்தவங்க சம்மதம் இல்லாம மத போதனைலயோ வழிபாட்டுலயோ பிள்ளைய கலந்துக்க வைக்க முடியாது. உங்களுக்கு எது சரி எது வேண்டாம்னு அட்மிஷன் அன்னிக்கே எச்.எம்.கிட்ட அமைதியா சொல்லிடுங்க, அப்புறம் கோவமா போய் சொல்றத விட அது எவ்வளவோ நல்லது.

நம்ம பக்கம் கார்த்திகை மாசம் சபரிமலைக்கு மாலை போடற சின்னப் பையனுங்க உண்டு. கருப்பு வேட்டி, செருப்பில்லாம, மாலை. யூனிஃபார்ம் ரூல்ல இது எப்படின்னு மாலை போடறதுக்கு முன்னாடியே லெட்டர் குடுத்துக் கேளுங்க, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு மாலை மட்டும் உள்ள இருக்கட்டும், ஷூவுக்கு விலக்கு குடுக்கறேன்னு ஒத்துக்கற எச்.எம். நிறைய பேர் இருக்காங்க. பொட்டு, பூ, தாயத்து, கயிறு இதுக்கெல்லாமும் அப்படியே, ஸ்கூலுக்கு ஸ்கூல் வேற வேற, கேட்டா பதில் கிடைக்கும்.

படி 7: கிளாஸ்ல பிள்ளைகிட்ட என்ன எதிர்பார்ப்பாங்க

மணி அடிச்சா பேச்சை நிறுத்தோணும், இது முதல் பழக்கம். டீச்சரோ வேற பெரியவங்களோ உள்ள வந்தா எந்திரிச்சு குட்மார்னிங், நமஸ்காரம் இல்ல ஈசோ மிசிஹாயிக்கு ஸ்துதி, தமிழ்ப் பக்கம் இயேசுவுக்கே புகழ். ஒருத்தர் பேசறப்ப கையத் தூக்கிட்டு காத்திருக்கோணும். லைன்ல தள்ளாம போகோணும். பாடத்துக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு முன்னாடி சின்ன ஜெபம், மத்தியானம் 12 மணிக்கு சில இடத்துல மூவேளை ஜெபம். டயத்துக்கு வரோணும், லீவ் எடுத்தா டைரில பெத்தவங்க கையெழுத்தோட காரணம் வேணும், ஊர்த் திருவிழான்னா முன்கூட்டியே சொல்லோணும். தங்கம் போட்டு அனுப்பாதீங்க. ரெட்டை ஜடை, ரிப்பன், வெட்டின நகம், கைக்குட்டை, தண்ணி பாட்டில், பேர் எழுதின குடை, நம்ம பக்கம் ஜூன்ல மழை கிழக்க கோயமுத்தூர் பக்கம் மாதிரி இருக்காது.

சாப்பாட்டு நேரத்தப் பத்தி தனியா சொல்லோணும். பக்கத்துப் பிள்ளை டிபன்ல என்ன இருக்குன்னு கேலி பண்ணக் கூடாது, கொண்டு வராத பிள்ளைக்கு பங்கு வெக்கோணும், தட்டுல மீதி விடக் கூடாது. சாவறையச்சன், இப்போ புனித குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறை, 1864ல ஒவ்வொரு கோயிலோடயும் ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு சொன்னவர், ஏழைப் பிள்ளைங்க பசியோட படிக்கக் கூடாதுன்னு வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வெக்கச் சொல்லி சாப்பாடு போட வழி பண்ணினவர். தவக்காலத்துல பிள்ளைகிட்ட அரிசியோ சில்லறையோ கொண்டு வரச் சொல்றாங்கன்னா அந்த வழிதான். நீங்க குடுத்து அனுப்பாம, பிள்ளை தன் மிட்டாய்க் காசுல இருந்து போடட்டும், கொஞ்சமா இருந்தாலும்.

நல்ல கையெழுத்து, சுத்தமான நோட்டு, பொய் சொல்லாம இருக்கறது, இந்த மூணுலயும் சிஸ்டருங்க கொஞ்சம் கூட விட்டுக்குடுக்க மாட்டாங்க. பென்சில் திருட்டு மாதிரி சின்ன விஷயத்துக்குக் கூட கூப்பிட்டு விடுவாங்க. அவமானமா நினைக்காம போங்க, பிள்ளை முன்னாடி டீச்சர விட்டுக்குடுத்துப் பேசாதீங்க, அதே மாதிரி டீச்சர் முன்னாடி பிள்ளைய அடிக்காதீங்க.

படி 8: கண்டிப்பு எது, கொடுமை எது

இடைவேளைல கொஞ்ச நேரம் உக்கார வைக்கறது, தப்பா எழுதினத திருப்பி எழுதச் சொல்றது, வீட்டுக்கு நோட் அனுப்பறது, இது கண்டிப்பு. பிரம்பு, காதைத் திருகறது, முட்டி போட வெக்கறது, சாப்பிட விடாம நிக்க வெக்கறது, நூறு தடவை இம்போசிஷன், சாதி சொல்லியோ நிறம் சொல்லியோ பாண்டின்னு (தமிழங்கள மட்டமா சொல்ற வார்த்தை) சொல்லியோ திட்டறது, இது எந்த ஸ்கூல்லயும் ஏத்துக்கக் கூடாது. கடைசியா சொன்னது நம்ம பிள்ளைங்களுக்கு இந்தப் பக்கம் நடக்கற விஷயம், டீச்சர் சொல்லலேன்னாலும் கூடப் படிக்கற பிள்ளைங்க சொல்லும், அத கேலின்னு விட்டுராதீங்க. முதல்ல கிளாஸ் டீச்சர், அப்புறம் எச்.எம்., அப்புறம் மேனேஜர் சாமியார், எழுதிக் குடுங்க, தேதி போட்டு ஒரு காப்பி வெச்சுக்கோங்க. அடிக்கறதுக்கு பெத்தவங்க சம்மதம் குடுத்தாலும் அது சரி ஆகாது, 2015 ஜே.ஜே. சட்டம் (சிறார் நீதிச் சட்டம்) 75ஆம் பிரிவு பிள்ளைய பாத்துக்கற பொறுப்புல இருக்கறவங்க கொடுமைப்படுத்தினா குத்தம்னு சொல்லுது. பிள்ளைய யாராச்சும் தப்பா தொட்டதா சொன்னா ஸ்கூல் என்ன நினைக்கும்னு யோசிக்காம குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு ஃபோன் பண்ணுங்க, பிள்ளை சொன்னத நம்புங்க.

படி 9: தினமும் வீட்டுல

சாயங்காலம் வந்தவுடனே டைரியப் பாருங்க, மலையாளத்துல எழுதியிருந்தா புரியலேன்னு விட்டுராம பக்கத்து வீட்டுலயாச்சும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. கொஞ்சம் விளையாட விடுங்க, அப்புறம் ஹோம்வொர்க், சின்ன கிளாஸுக்கு அரை மணி நேரத்துக்கு மேல இழுக்க வேண்டாம். டி.வி., ஃபோன் அந்த நேரத்துல எல்லாருக்கும் ஆஃப். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம், கத்தோலிக்க வீடா இருந்தா ஜெபமாலைல பத்து மணிகள் வர்ற ஒரு பகுதி, மத்த வீடுன்னா உங்க வழக்கப்படி விளக்கு, தொழுகை. ஸ்கூல்ல கத்துக்கற அமைதியும் நன்றியும் வீட்டுலயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு அது ஒட்டும். பி.டி.ஏ. மீட்டிங்குக்கு அம்மாவ மட்டும் அனுப்பாம அப்பாவும் போங்க, பிள்ளை அத கவனிக்கும். பையை பிள்ளையே அடுக்கட்டும்.

படி 10: 4 முடிஞ்சப்புறம்

இங்கதான் அந்தத் தமிழ் வாசிப்பு விஷயம் வருது. நிறைய குடும்பம் 4 வரைக்கும் கேரளாவுல படிக்க வெச்சுட்டு 5லயோ 6லயோ பொள்ளாச்சி, கோயமுத்தூர்னு தமிழ்நாட்டுக்கு மாத்தறாங்க. 2006 தமிழ் கற்றல் சட்டப்படி அங்க 10 வரைக்கும் தமிழ் கட்டாயப் பாடம். தமிழே வாசிக்கத் தெரியாம போற பிள்ளை அங்க முதல் வருஷம் ரொம்பத் தவிக்கும், சொந்த பாஷையில ஃபெயில் ஆச்சேன்னு அதோட மனசு உடையும். கேரளாவுலயே தொடர்ந்தா 5ல இந்தி வரும், அப்போ நாலாவது பாஷை. மாத்தறதா இல்லையான்னு 3ஆம் கிளாஸ்லயே முடிவு பண்ணுங்க. மாத்தறதா இருந்தா 4ஆம் கிளாஸ் முழுக்க தமிழ்நாட்டு 3, 4ஆம் வகுப்பு தமிழ்ப் புத்தகம் ரெண்டையும் வீட்டுல முடிச்சிடுங்க, பாடத்துக்கு கீழ இருக்கற கேள்வி பதில் வரைக்கும் எழுத வைங்க. டி.சி. கேக்கறப்ப கேரளாவுல பிள்ளையோட விவரம் சம்பூர்ணாங்கற ஆன்லைன் சிஸ்டத்துல இருக்கும், தமிழ்நாட்டுல எமிஸ், ரெண்டுலயும் பேரும் பிறந்த தேதியும் ஒண்ணா இருக்கான்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு கையெழுத்து போடுங்க. கத்தோலிக்கரா இருந்தா புதுநன்மை வாங்கின சர்டிஃபிகேட்டையும் பங்குல இருந்து அப்பவே வாங்கி டி.சி.யோட சேர்த்து ஃபைல்ல வெச்சுடுங்க, புதுப் பங்குல உறுதிபூசுதலுக்கு பேர் குடுக்கறப்ப அதைத்தான் முதல்ல கேப்பாங்க.